ஏழாம் மலைக்குப் போகும் பந்து

1931ஆம் ஆண்டு ரப்பர் தோட்ட லீக்கில் ஆடப்பட்ட முப்பது ஆட்டங்களும் சமநிலையில் முடிந்தன. யார் எந்தப் பக்கம் உதைத்தாலும் பந்து கருங்காலித் தோட்டத்தின் திசையிலேயே போனதுதான் காரணம். அந்த வருடம் மழை மூன்று வாரம் பிந்தியது. ரப்பர் விலை இரண்டு வருடத்துக்கு முன் இருந்ததில் கால்வாசிக்கு இறங்கியது. ரம்புக்கனையில் அரிசி மூட்டைகள் விற்காமல் கிடந்தன.

கேகாலைக்கும் ரம்புக்கனைக்கும் இடையில் ஒரே கம்பெனிக்கு ஆறு தோட்டங்கள் இருந்தன. ஆறில் ஒன்றை மூடும்படி சீமையிலிருந்து கடிதம் வந்தது. எதை மூடுவது என்று எழுதவில்லை. ஆறு துரைமாரும் கிளப்பில் கூடி, ஆளுக்கொரு தோட்டத்துக்காகப் பேசி, ஒத்துவராமல், கடைசியில் லீக்கில் கடைசியாக வருகிற தோட்டத்தை மூடுவது என்று முடிவெடுத்தார்கள். மூடப்படும் தோட்டத்து ஆட்களை ரயிலில் தலைமன்னாருக்கும் அங்கிருந்து கப்பலில் இந்தியாவுக்கும் அனுப்புவது என்பது அதே தாளின் அடியில் எழுதப்பட்டது. காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் எடுக்கும் பிரட்டில் பெரிய கங்காணி இதை வாசித்தபோது யாரும் சத்தம் போடவில்லை. இதற்கு முன் எடுக்கப்பட்ட எந்த முடிவும் எப்படி எடுக்கப்பட்டது என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டதில்லை. இந்த முறை நின்று பார்க்கவாவது முடிந்தது.

லீக் புதியதல்ல. மாசி, பங்குனியில் ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கும். பால் வற்றிவிடும். கத்தியை எண்ணெய் தடவி எரவானத்தில் செருகிவிட்டு ஆட்கள் சும்மா இருக்கும் அந்த மாதங்களில் துரைமார் பந்தாட்டம் வைப்பார்கள். விளையாடுகிறவனுக்கு அன்றைக்கு வேலை செய்ததாகப் பேர் விழும். அதனால் பால் வெட்டுகிறவர்களில் சிலர் வருடத்தில் இரண்டு மூன்று மாதம் பந்தாட்டத்திலேயே வயிறு வளர்த்தார்கள். கருங்காலித் தோட்டத்துக் கோல்காவலன் முத்துவீரன் அப்படி ஒன்பது வருடம் வளர்த்தவன். பேச்சு குறைந்தவன். ஏழாம் மலையில் பால் வெட்டினான். அவன் மனைவி புஷ்பமும் அதே மலையில் வெட்டினாள். இருவருக்கும் பேச்சி என்று ஒரு மகள் இருந்தாள். மூன்று வயதில் காய்ச்சல் கண்டபோது முத்துவீரன் அவளைத் தோளில் போட்டுக் கேகாலை ஆஸ்பத்திரிக்கு நடந்தான். வழியெல்லாம் அவள் வீட்டுக்கு, வீட்டுக்கு என்று அவன் தோளுக்கு மேலாகப் பின்பக்கம் சாய்ந்தாள். அவன் திரும்பவில்லை. ஆறாம் மைல் கட்டைக்குப் பக்கத்தில் அவள் சாய்வது நின்றது. அதன் பிறகுதான் திரும்பினான். அது நடந்து நாலு வருடம்.

தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. குழந்தையைப் புதைத்த இடத்துக்குத் தலைமாட்டில் நிற்கும் ரப்பர் மரத்தில் பால் வெட்டமாட்டார்கள். மரத்தில் ஒரு பழந்துணியைச் சுற்றிவிடுவார்கள். அந்த மலையில் வெட்டுகிறவர்கள் துணியைக் கண்டால் அடுத்த மரத்துக்குப் போவார்கள். கங்காணிமார் கண்டும் காணாமல் விடுவார்கள். ஏழாம் மலையில் பேச்சியின் மரத்தில் சுற்றியிருந்தது புஷ்பத்தின் நீலச் சேலையின் கரை.

லீக்கின் முதல் ஆட்டம் கருங்காலித் தோட்டத்து மைதானத்தில் நடந்தது. இருபதாவது நிமிடத்தில் பந்தின் உள்பை வெடித்தது. எந்த மைதானத்தில் வெடிக்கிறதோ அந்தத் தோட்டமே மாற்றிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. லீக்குக்கு அந்த ஒரு பந்துதான். வண்டிக்காரர் ஜுனைதீன் கேகாலைக்குப் போய் ஸஹாப்தீன் நானாவின் கடையில் கேட்டார். எல்லாம் விலை விழுந்த இந்த மலிவுக்காலத்தில் கொழும்பில் எவனும் இதையெல்லாம் இறக்குவதில்லை, வைகாசியில் வந்து பாருங்கள் என்று நானா சொல்லி அனுப்பினார். நாலு நாளில் பந்து வராவிட்டால் கருங்காலித் தோட்டம் ஆடாமலே தோற்றதாக எழுதப்படும் என்று சின்னத் துரை சொன்னார். அவர்தான் ரெபரி.

புகைக்கூடத்தில் வேலை செய்த அழகமுத்து உள்பை செய்யத் தெரியும் என்றான். களிமண்ணை உருண்டையாகப் பிடித்து, பாலில் முக்கி, புகையில் காயவைத்து, மறுபடி முக்கி, பதினைந்து தடவை ஆனதும் உள்ளே இருக்கும் மண்ணை நனைத்துக் கழுத்து வழியாகக் கொட்டிவிட வேண்டியதுதான். ஆனால் பால் வேண்டும்.

“எலையுதிர் மாசத்துல பாலு கேட்டா நான் எங்க போக? மாட்டுக்கிட்டயா கறக்குறது?” என்றான் அழகமுத்து. “வருசக்கணக்கா கத்தி படாத மரமா இருந்தா கொஞ்சம் கெடைக்கும். அப்படி மரம் எங்க இருக்கு இந்தத் தோட்டத்துல?”

எங்கே இருக்கிறது என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். மறுநாள் விடிந்ததும் முத்துவீரன் கத்தியை எடுத்துக்கொண்டு ஏழாம் மலைக்குப் போனான். தோட்டத்தை மூடினால் புஷ்பம் அந்த மரத்தை விட்டு வரமாட்டாள் என்பதும், வராமல் இருக்க அவளை விடமாட்டார்கள் என்பதும் அவனுக்குத் தெரியும். மரம் அங்கே இருப்பதற்காகத்தான் மரத்தை வெட்டுகிறோம் என்று நினைத்தான். நீலத் துணியை அவிழ்த்து, லயத்து வீடுகளிலிருந்து பார்த்தால் தெரியாத பக்கமாக ஒரு கீறல் போட்டான். இலையில்லாத மரத்திலிருந்து பால் தடையில்லாமல் வந்தது. எட்டுச் சிரட்டை நிறைந்தது. துணியைக் கீறலின் மேல் கட்டிவிட்டு இறங்கினான்.

உள்பை மூன்றாம் நாள் தயாரானது. ஓட்டை எதுவும் இல்லை. தண்ணீரில் அமிழ்த்திப் பார்த்தார்கள், ஒரு குமிழி வரவில்லை. ஆனால் யார் ஊதினாலும் காற்று நிற்கவில்லை. அழகமுத்து ஊதினான், பதினோரு ஆட்டக்காரர்களும் ஊதினார்கள், முத்துவீரன் இரண்டு தடவை ஊதினான். கழுத்தைக் கட்டி முடிப்பதற்குள் அது சுருங்கிக் கிடந்தது. விறகுக் கட்டோடு அந்த வழியாக வந்த புஷ்பத்தை அழகமுத்து கூப்பிட்டான்.

“அக்கா, நீங்க ஒரு ஊது ஊதிப் பாருங்க. தெனமும் அடுப்பூதுற வாயி. எங்க மச்சான் மூச்சு கோலுக்குக் கத்துறதுக்கே பத்தாது.”

எல்லோரும் சிரித்தார்கள். புஷ்பம் கட்டை இறக்கிவிட்டு வாங்கி ஊதினாள். அது உருண்டு, இறுகி, அப்படியே நின்றது. அவள் வாயை எடுத்துவிட்டு அதை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துச் சிறிது நேரம் பார்த்தாள்.

“எந்த மரத்துப் பாலு?”

முத்துவீரன் “ஏழாம் மல” என்றான்.

“ஏழாம் மலையில எது?”

அவள் உள்பையின் கழுத்தை நூலால் இரண்டு சுற்றுக் கட்டி, பந்தை அவனிடம் கொடுக்காமல் அழகமுத்துவிடம் கொடுத்துவிட்டு விறகைத் தூக்கிக்கொண்டு போனாள். சித்திரை பிறக்கும் வரை அவனோடு அவள் பேசவில்லை. சோறு போட்டாள். தண்ணீர் வைத்தாள்.

முதல் ஆட்டத்தை மறுபடி ஆடியபோது பந்து மைதானத்தின் பக்கக் கோட்டைத் தாண்டி ஏழாம் மலைப் பக்கம் பதினேழு தடவை உருண்டு போனது. மைதானம் சாய்வு என்று எழுதிக்கொண்டார்கள். கோல் விழவில்லை. அடுத்த ஆட்டம் ஆனைவிழுந்தான் தோட்டத்தில், ஆறு மைல் தள்ளி, வேறு இரண்டு அணிகளுக்கு இடையில். அங்கே மைதானம் மட்டம். முதல் பாதியில் கருங்காலித் தோட்டத்தின் திசைக்கு ஆடிய அணி ஐந்து கோல் போட்டது. இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறியது. மற்ற அணி ஐந்து கோல் போட்டது. எதிர்த்திசைக்கு அடித்த பந்து பாதி வழியில் வேகம் குறைந்து, நின்று, வந்த வழியே திரும்பியது. கோல்காவலர்கள் பிடித்தால் ஈரச் சவர்க்காரம்போல நழுவியது. சின்னத் துரை பந்தைத் தராசில் வைத்துப் பார்த்தார். நிறை சரியாக இருந்தது. விதிப்புத்தகத்தில் பந்தின் சுற்றளவும் நிறையும் சொல்லப்பட்டிருந்தன. அது எங்கே போக விரும்ப வேண்டும் என்று சொல்லப்படவில்லை. ஆட்டம் செல்லும் என்று எழுதினார்.

அதன் பிறகு எல்லா ஆட்டமும் அப்படித்தான். நாலுக்கு நாலு, ஏழுக்கு ஏழு, ஒருமுறை பதினொன்றுக்குப் பதினொன்று. கருங்காலித் தோட்டத்து மைதானத்தில் மட்டும் எப்போதும் கோல் இல்லை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் புஷ்பம்தான் ஊதவேண்டியிருந்ததால் முப்பது ஆட்டத்துக்கும் ஜுனைதீனின் வண்டியில் அவளை ஏற்றிப்போனார்கள். காற்று ஊதியதற்காக அவளுக்கும் பேர் விழுந்தது. ஆட்டம் முடிந்ததும் நூலை அவிழ்த்துக் காற்றை அவளே வெளியேவிடுவாள். அப்போது யாரும் பக்கத்தில் நிற்கக்கூடாது. சுற்றுக் கிராமத்துச் சிங்கள ஆட்கள் தயிர்ச்சட்டியும் வெற்றிலையும் கொண்டுவந்து விற்றுக்கொண்டு பார்த்தார்கள். அதற்குக் கெதர யன போலே, வீட்டுக்குப் போகிற பந்து என்று பேர் வைத்ததும் அவர்கள்தான். தோட்டத்து ஆட்களுக்கு அந்தப் பேரைச் சிங்களத்தில் சொல்வது சுலபமாக இருந்தது. தமிழில் யாரும் சொல்லவில்லை.

சித்திரை இரண்டாவது ஞாயிறு முப்பதாவது ஆட்டம். ஆனைவிழுந்தான் தோட்டத்து மைதானத்தில், கருங்காலிக்கும் ஆனைவிழுந்தானுக்கும் இடையில். இருபத்தொன்பது ஆட்டமும் சமமாக இருந்ததால் ஆறு அணிக்கும் ஒரே இடம். அன்றைக்கு யார் தோற்றாலும் அந்த அணி மட்டும் கடைசி. இது பெண்களுக்கும் தெரிந்திருந்தது. இரண்டு தோட்டத்து ஆட்களும் எல்லைக்கோட்டைச் சுற்றி நின்றார்கள். ஒரு பக்கம் நூற்று எண்பது பேர், மறுபக்கம் இருநூற்றுக்கும் மேல். முதல் பாதியில் கருங்காலி மூன்று கோல் போட்டது. இரண்டாம் பாதியில் முத்துவீரன் தன் தோட்டத்துக்கு முதுகு காட்டி நின்றான். இரண்டு கோல் அவன் விரல்களைத் தடவிக்கொண்டு உள்ளே போனது.

“மச்சான், ஒண்ணே ஒண்ணு புடிடா! ஒண்ணு புடிச்சா போதும், ஊரே ஒனக்குச் சோறு போடும்!” என்று கோட்டுக்கு வெளியே இருந்து அழகமுத்து கத்தினான்.

“புடிச்சுத்தான் பாரேன், சல்லட கை!” என்று எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருத்தி கத்தினாள். இடுப்பில் குழந்தை இருந்தது. அவள் சிரிக்கவில்லை.

ஆட்டம் முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது யாரும் உதைக்காமலே பந்து நடு மைதானத்திலிருந்து கிளம்பி வந்தது. வேகமில்லை. நடக்கிற குழந்தையின் வேகம். முத்துவீரன் முன்னால் இரண்டு எட்டு வைத்து, குனிந்து, இரண்டு கையாலும் வாரி நெஞ்சோடு அணைத்தான். நழுவவில்லை. அந்தப் பருவத்தில் அந்தப் பந்து ஒருவன் கையில் நின்றது அதுதான் முதல்முறை. கருங்காலித் தோட்டத்து ஆட்கள் சத்தம் போட வாயைத் திறந்தார்கள். சின்னத் துரை விசிலை வாய்க்குக் கொண்டுபோனார். பந்து அவன் நெஞ்சிலிருந்து மெதுவாக மேலேறி, தோளுக்கு வந்து, தோளுக்கு மேலாகப் பின்பக்கம் சாய்ந்தது. அந்த நிறை அவனுக்குத் தெரியும். ஆறாம் கட்டை வரை சுமந்த நிறை. எதிர்க் கோட்டில் குழந்தையோடு நின்றவளைப் பார்த்தானா என்பது தெரியாது. பார்த்தான் என்று சிலர் பிறகு சொன்னார்கள். அவன் இரண்டு கையையும் விரித்தான். பந்து இறங்கி, அவனைச் சுற்றி, கோலுக்குள் போய், வலையில்லாத அந்தக் கோலைத் தாண்டிக் கருங்காலித் தோட்டத்துப் பாதையில் உருண்டது. மூன்றுக்கு மூன்று. விசில் ஊதப்பட்டது.

பாலத்துக்குப் பக்கத்தில் ஓடிப்போய்ப் பந்தைப் பிடித்தவள் புஷ்பம். முத்துவீரன் பின்னால் வந்து சேர்ந்தான்.

“புடிச்சிருந்தீங்களே” என்றாள்.

“ஆமா.”

“ஏன் விட்டீங்க?”

“வீட்டுக்குப் போகணும்னு சாஞ்சா.”

அவள் நூலில் கையை வைத்தாள். பிறகு எடுத்துவிட்டாள். அன்றைக்குக் காற்றைத் திறந்துவிடவில்லை.

துரைமார் கேகாலையில் கூடினார்கள். பட்டியலில் ஆறு அணிக்கும் பத்து ஆட்டம், பத்துப் புள்ளி. முதலும் இல்லை, கடைசியும் இல்லை. அரை நாள் பேசினார்கள். பந்தில்தான் கோளாறு, பந்து கருங்காலித் தோட்டத்துடையது, ஆகவே கருங்காலியை மூடலாம் என்று ஐந்து பேர் சொன்னார்கள். ஆறாவது ஆள் கருங்காலித் துரை. அவருக்கு அடுத்த மாதம் சீமைக்கு லீவு. அவரும் கையெழுத்துப் போட்டார்.

முத்துவீரனை யாரும் அடிக்கவில்லை. லயத்தில் அவன் வீட்டு அடுப்பிலிருந்து நெருப்பு வாங்குவதை நிறுத்தினார்கள். பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த கிழவி சின்னம்மா மட்டும் வாசலில் நின்று, அவனுக்குக் கேட்கும்படி, “கோல்காவலரு பந்த விட்டாரு, நாம நாட்ட விடுறோம். ஆளுக்கொரு வெளையாட்டு” என்றாள். அழகமுத்து வாசல் வரை வந்து திரும்பிப் போனான். தோட்டம் கொடுத்துவந்த அரிசி வைகாசி முதல் வாரத்தோடு நின்றது.

நூற்று எண்பத்தாறு பேரை ரம்புக்கனையில் ரயிலேற்றினார்கள். தன் பேரைக் கூப்பிட்டபோது புஷ்பம் மறுக்காமல் ஏறினாள். அது முத்துவீரனுக்கு ஆச்சரியமாக இருந்தது. அவள் மடியில் ஒரு பொட்டணம் இருந்தது. பச்சைக்கொடி காட்டியதும் என்ஜின் நீராவி விட்டது, சக்கரங்கள் சுழன்றன, வண்டி நகரவில்லை. கடுகண்ணாவை ஏற்றத்தில் வண்டிகளைப் பின்னாலிருந்து தள்ளுவதற்கு வைத்திருந்த என்ஜினையும் கொண்டுவந்து மாட்டினார்கள். தண்டவாளத்தில் மணல் தூவினார்கள். வண்டி ஒரு முழம் முன்னால் போய், இரண்டு முழம் பின்னால் வந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் ஞானசேகரம் யாழ்ப்பாணத்துக்காரர், ஒன்பது வருடத்தில் ஒரு வண்டியையும் தாமதமாக அனுப்பாதவர். ஒவ்வொரு பெட்டியாக இறங்கி ஏறிப் பார்த்து, மூன்றாவது பெட்டியில் நின்றார்.

“பிள்ளை, உந்தப் பொட்டணத்துக்கை என்ன கிடக்கு?”

“பந்துங்க ஐயா.”

“பந்தோ? அதை இறக்கி வைச்சிட்டு இரும். வண்டி போகவேணும்.”

“அத எறக்குனா நானும் எறங்கணுங்க.”

பெட்டியில் ஆளுக்கொரு சத்தம் கிளம்பியது. விடாதீங்க அக்கா, நகராம கெடக்கட்டும், நம்மள இங்கயேதான் விட்டாகணும் என்றான் அழகமுத்து. சின்னம்மாவின் பேரப்பிள்ளைகள் முந்தின நாளிலிருந்து சாப்பிடாமல் இருந்தார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் மண்டபம் கேம்பில் சோறு போடுவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். சின்னம்மா எழுந்து வந்து புஷ்பத்தின் முன்னால் நின்றாள். வாசலில் நின்று பேசிய குரல் இல்லை.

“எறங்கு தாயி. ஒன் புள்ள அங்க கெடக்கு, நீ போ. எங்க புள்ளைங்க இங்க பசியில கெடக்குதுங்க.”

புஷ்பம் அவள் கையைத் தொட்டுவிட்டு இறங்கினாள். முத்துவீரன் தன் தகரப் பெட்டியைக்கூட எடுக்காமல் பின்னால் இறங்கினான். அவன் இறங்கவேண்டியதில்லை என்று யாரோ சொன்னார்கள். வண்டி உடனே நகர்ந்தது. அழகமுத்து ஜன்னலில் தலையை நீட்டி ஏதோ கத்தினான், விசில் சத்தத்தில் கேட்கவில்லை. ஞானசேகரம் புத்தகத்தில் எழுதினார்: தாமதம் ஒரு மணி இருபது நிமிடம். காரணம், பந்து. மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு மூன்று கடிதம் வந்தது. மூன்றுக்கும் அதையே பதிலாக அனுப்பினார்.

புஷ்பம் பொட்டணத்தை அவிழ்த்துப் பந்தைத் தரையில் வைத்தாள். அது முன்னால் உருண்டது. இருவரும் பின்னால் நடந்தார்கள். ஏற்றத்திலும் அது உருண்டது. பாதை வளைந்த இடங்களில் வளையாமல் ரப்பர்க் காட்டுக்குள் நேராகப் போனது. ஓடைகளில் அவள் தூக்கிக்கொண்டாள். வெயில் தாழ்வதற்குள் ஏழாம் மலைக்கு வந்து, நீலத் துணி சுற்றிய மரத்தடியில் நின்றது. கீறலில் பால் உறைந்து பட்டை மூடத் தொடங்கியிருந்தது.

காவல்காரர் மர்சூக் மூடிய தோட்டத்தில் இரண்டு பேர் இருப்பதாகக் கம்பெனிக்கு அறிக்கை எழுதினார். இருவரும் ரயிலில் அனுப்பப்பட்டதாகப் பட்டியலில் இருப்பதால் அவர்கள் அங்கே இருக்கமுடியாது என்று பதில் வந்தது. இல்லாதவர்களை வெளியேற்ற மர்சூக்குக்கு அதிகாரம் இல்லை. அவர்கள் மரவள்ளி நட்டார்கள். கிராமத்தில் கூலிக்குப் போனார்கள். லயத்துக் கூரைகள் ஒவ்வொன்றாக விழுந்தன, அவர்களுடையது விழவில்லை. மண்டபத்திலிருந்து அழகமுத்து ஒரு கடிதம் போட்டான். சின்னம்மாவின் மூத்த பேரன் கப்பலிலேயே இறந்துபோய்விட்டதாகவும், மற்றவர்கள் இருப்பதாகவும், பந்து எப்படி இருக்கிறது என்றும் எழுதியிருந்தது. முத்துவீரனுக்கு எழுதத் தெரியாது. ஜுனைதீன் கேகாலையில் ஆள்பிடித்து எழுதிக் கொடுக்கிறேன் என்றார். என்ன எழுதச் சொல்வது என்று தெரியாமல் இரண்டு வருடம் போனது. பிறகு அந்த முகவரியில் ஆள் இல்லை என்று தெரிந்தது.

1934இல் ரப்பர் விலை ஏறியது. தோட்டத்தைத் திறந்தார்கள். ஆனைவிழுந்தானிலிருந்தும் வேறு தோட்டங்களிலிருந்தும் ஆட்களைக் கொண்டுவந்தார்கள். அதில் இடுப்பில் குழந்தையோடு நின்றவளும் இருந்தாள். குழந்தை இப்போது நடந்தது. புது ஆட்களுக்கு ஏழாம் மலையில் எந்த மரத்தை விடவேண்டும் என்று யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

அடுத்த வருடம் லீக் மறுபடி தொடங்கியது. ஸஹாப்தீன் நானாவின் கடையில் அப்போது எத்தனை பந்து வேண்டுமானாலும் கிடைத்தது. ஆனாலும் கருங்காலித் தோட்டத்தில் ஆடும்போது கருங்காலிப் பந்தில்தான் ஆடவேண்டும் என்று ஆட்கள் கேட்டார்கள், துரைமார் சரி என்றார்கள். புதிதாக அச்சடித்த விதிகளில் பதினோராவது அதைப் பற்றியது. காரணம் எழுதப்படவில்லை. முத்துவீரன் கோலில் நின்றான். அந்த மைதானத்தில் எல்லா ஆட்டமும் கோலில்லாமல் முடிந்தது. பந்து கோட்டைத் தாண்டி ஏழாம் மலைக்கு உருண்டு போகும்போது அதை எடுக்க யாரும் ஓடவில்லை. புஷ்பம் எழுந்து, சேலையைச் செருகிக்கொண்டு, மேலே ஏறிப் போவாள். மரத்தடியில் உட்கார்ந்து எழுந்திருக்கும் நேரம் இருந்துவிட்டு, பந்தை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கி வருவாள். அவள் வரும் வரை இரண்டு அணியும் நின்றன. ரெபரி கைக்கடிகாரத்தைப் பார்த்து அந்த நேரத்தை ஆட்டத்தோடு சேர்த்துக்கொண்டார்.